தவசிக்கனியின் நாற்பது கடிதங்கள்

"மூன்றாம் வகுப்பில் உன்னைப் பிரம்பால் அடித்த ஆசிரியை யார்?" என்று கேட்டது கதவு.

"ரோசம்மா டீச்சர்" என்றாள் மரகதவடிவு.

"எதற்காக?"

"பக்கத்துப் பிள்ளையோட பென்சிலை எடுத்துட்டேன்னு."

"எடுத்தாயா?"

வடிவு கையிலிருந்த பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். நீர்வடி ஆலையில் பத்து மணி நேரம் மேகத்து ஈரம் பிடிக்கும் வலைகளைக் கழுவிவிட்டு வந்த கால்கள் கடுத்தன. "எடுத்தேன்" என்று ஒப்புக்கொண்டாள். கதவு திறந்தது.

கார்முகில்பட்டினத்தில் இது யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை. வெள்ளிக் கோளின் மேகங்களுக்கு நடுவே, இரண்டு நாள் வெளிச்சமும் இரண்டு நாள் இருட்டுமாக மிதந்து சுற்றிவரும் அந்த ஊரில், வேலை விட்டு வந்தவர்கள் தத்தம் வாசலில் நின்று சிறு வயதின் அவமானங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருந்தது.

எல்லாம் எழில்மேட்டோடு நடந்த போரால் வந்த வினை. இரண்டு ஊர்களும் ஒரே மேகத்தின் ஈரத்தைப் பிழிந்து குடித்தவைதான். ஈரம் குறைந்ததும் சண்டை வந்தது. போரின் இரண்டாம் ஆண்டில் எழில்மேட்டார் மனித உடலை அச்சிடக் கற்றுக்கொண்டார்கள். ரேகை, கருவிழி, ரத்தம் எல்லாம் அசலாகவே இருக்கும். ஒருநாள் மின்அளவி பார்க்கிறவர் வழக்கம்போல் வந்து, வணக்கம் சொல்லி, கொதிகலனுக்கு அடியில் வெடி வைத்துவிட்டுப் போனார். உண்மையான மின்அளவிக்காரர் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். அன்றிலிருந்து ஊர் உடலை நம்புவதை விட்டுவிட்டது. ஒருவர் சொல்வதும், பிறந்தது முதல் அவரைப் பற்றி ஊர் சேர்த்துவைத்திருக்கும் தன்பதிவில் இருப்பதும் பொருந்தினால்தான் அவர் அவர்.

போர் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கதவுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

வடிவின் கவலை வேறு. அவள் கணவன் தவசிக்கனி வான்படையில் ஆறு வருடம் வானோட்டியாக இருந்தவன். போர் முடிய ஒரு மாதம் இருக்கையில், புயலுக்குள் நுழைந்த அவன் விமானம் எழில்மேட்டுப் பக்கமாகத் திரும்பி மறைந்தது. சிதறிய துண்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

வான்படை வீரர் ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் 'மடல்துணை' என்றொரு சில்லைப் பதித்திருந்தார்கள். வீட்டுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தால் போதும், அது அழகாக ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, ஒரு படியை அவருடைய தன்பதிவில் சேர்த்துவிடும். தவசிக்கனி முதல் வாரமே அதை அணைத்துப் போட்டான். "எம் பொண்டாட்டிகிட்ட எனக்குப் பதிலா இன்னொருத்தன் பேசுவானாக்கும்?" என்று கேட்டான். எரிபொருள் சரிபார்க்கும் சீட்டுகளின் பின்புறத்தில் கையால் எழுதி, விடுப்பில் ஊர் திரும்பும் ஆட்களிடம் கொடுத்தனுப்பினான். அப்படி முப்பத்தொரு கடிதம் வந்து சேர்ந்தது.

அதனால் அவன் தன்பதிவில் கடிதம் என்ற பகுதி வெறுமையாக இருந்தது. ஆறு வருடம் வீட்டுக்கு ஒரு வரி எழுதாதவன். கடைசியில் எதிரிப் பக்கம் போய் மறைந்தவன். படையின் ஆவணக் கிளை அவன் பெயருக்கு எதிரே 'ஐயத்துக்குரியவர்' என்று எழுதியது. நினைவுச் சுவரில் செதுக்க இருந்த நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களில் அவன் பெயர் இல்லை.

வடிவு முப்பத்தொரு சீட்டுகளையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆவணக் கிளைக்குப் போனாள்.

அங்கே அலுவலராக இருந்த கோமதிநாயகம் கெட்ட மனிதர் அல்ல. அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மெய்யறி பொறியின் கண்ணாடி மேல் வைத்தார். வைக்கும்போது அவர் கண்ணும் எழுத்துகளின் மேல் ஓடியது.

'வடிவு, உங்கண்ணன் பேச்சைக் கேட்டு நீர்க்குழாயை மாத்தாதே. அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. இங்கே பாசிக்கஞ்சி வாயில் வைக்க முடியவில்லை. போன வாரம் என் பக்கத்துக் கட்டில்காரன் விமானத்தோடு எரிந்து விழுந்தான். எனக்குப் பயமாக இருக்கு. பிள்ளை மதியிடம் சொல்லாதே. நீ போன கடிதத்தில் எங்கம்மாவைப் பற்றி எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுது.'

பொறி ஒருமுறை கனைத்தது. "மெய்த்தன்மை, நூற்றுக்குப் பதினொன்று" என்றது.

வடிவுக்குப் புரியவில்லை. "பதினொண்ணுன்னா?"

"பொய்க் கடிதம்னு சொல்லுதும்மா."

"எம் வீட்டுக்காரவிய கையெழுத்து எனக்குத் தெரியாதா சார்?"

"கையெழுத்தை அச்சடிச்சிரலாம்லா." கோமதிநாயகம் திரையைப் பார்த்துக் காரணங்களை வாசித்தார். "மொதல்ல எழுத்துப் பிழை. கஷ்டம்ங்கிறதை மூணு விதமா எழுதியிருக்காரு."

"அவியளுக்கும் அந்த எழுத்துக்கும் எப்பவுமே தகராறு சார்."

"ஒரே கடிதத்துல கோவமும் பாசமும் மாறி மாறி வருது. மத்த வீரங்க கடிதத்துல அப்படி இல்ல. அப்புறம், ஊரைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. வீரம், தியாகம் மாதிரிச் சொல்லு ஒரு கடிதத்துக்குச் சராசரி ஏழு வரணும். இதுல முப்பத்தொண்ணையும் சேத்து ஒரே ஒரு எடத்துலதான் வருது. அதுவும், 'இந்தக் கஞ்சியைக் குடிக்கத்தான் வீரம் வேணும்'னு."

வடிவு கண்ணாடி மேல் சாய்ந்து கிடந்த சீட்டை நேராக்கி வைத்தாள். பிறகு கேட்டாள். "மத்தவங்க கடிதமெல்லாம் அவங்களா எழுதுனதா சார்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மடல்துணை எழுதுனது."

"அப்ப அது மெய்யா?"

"எல்லாம் ஒண்ணுபோல இருக்கும்மா. ஒண்ணுபோல இருக்கிறதுதான் பொறிக்கு மெய்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒரு வழி சொல்லுதேன். இந்தச் சீட்டுகளைப் பொறிகிட்டயே கொடுத்துருவோம். தேதி, இடமெல்லாம் இதுலேர்ந்து எடுத்து அதுவே நாற்பது கடிதம் எழுதிரும். மடல்துணையில தேங்கிக் கெடந்து இப்பத்தான் கெடச்சுதுன்னு பதிவுல ஏத்திருதேன். உங்க வீட்டுக்காரர் பேரு சுவருக்கு வந்துரும்."

வடிவு சீட்டுகளைப் பொறுக்கித் துணியில் கட்டிக்கொண்டு எழுந்தாள். "அவிய எழுதுனதே போதும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மகள் நிறைமதிக்கு அப்போது வயது பன்னிரண்டு. வான்படைக்காரர்களின் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும் பறப்புப் பள்ளிக்கு விண்ணப்பித்திருந்தாள். ஐயத்துக்குரியவரின் மகள் என்பதால் அது திரும்பி வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து வந்தவளின் முதுகில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ஓடிப்போனவன் மக.' காலையிலிருந்து அதோடுதான் வகுப்பு வகுப்பாகப் போய் வந்திருக்கிறாள். ஒருவரும் சொல்லவில்லை.

வடிவு அதை மெதுவாகப் பிய்த்தெடுத்துக் கைக்குள் கசக்கினாள். ஆனால் மதி பார்த்துவிட்டாள்.

"அப்பா நமக்கு எழுதவே இல்லியாம்மா?"

"எழுதுனாவ ஏட்டி. நீதான் படிச்சியே."

"அது பொய்யின்னு பொறி சொல்லிட்டாம்லா. எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு." சொல்லும்போது அவள் அழவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தாள், கதவு பார்ப்பதுபோல.

மறுநாள் வடிவு மறுபடியும் ஆவணக் கிளைக்குப் போனாள்.

கோமதிநாயகம் தேநீர் வரவழைத்தார். அவள் அதைக் குடித்து முடிப்பதற்குள் பொறி நாற்பது கடிதங்களை எழுதி முடித்துவிட்டது. முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: 'என் இதயத்தின் ஒளியே! மேகங்களுக்கு மேலே நான் எழும்போதெல்லாம் உன் முகமே சூரியனாய் உதிக்கிறது. நான் திரும்பாவிட்டாலும் கலங்காதே. கார்முகில் என் தாய். தாயின் மடியில் உறங்குபவன் அநாதையல்லன்.'

மெய்த்தன்மை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

"ஒருத்தருக்கு ரெண்டு விதப் பதிவு இருக்கக் கூடாதும்மா" என்று கோமதிநாயகம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்தச் சீட்டுகளை..."

"ஒண்ணே ஒண்ணை வச்சிக்கிடட்டுமா சார்?"

"பின்னால அதுவே உங்களுக்கு வினையா வரும்."

கட்டடத்தின் அடியில் அமிலக் குழி இருந்தது. வெள்ளியின் மேகத்தில் தண்ணீரைவிட அமிலம் அதிகம். குப்பையைக் கரைக்க அதைத்தான் தேக்கிவைத்திருப்பார்கள். வடிவு தன் கையாலேயே போட்டாள். ஒரு மூச்சு விடுவதற்குள் முப்பத்தொன்றும் கரைந்து போயின. அதனால் என்ன, எல்லாம் எனக்கு மனப்பாடம்தானே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நினைவுச் சுவரில் நானூற்றுப் பதின்மூன்றாவது பெயராகத் தவசிக்கனி இடம்பெற்றான். வேடிக்கை என்னவென்றால், நாற்பதில் முதல் கடிதம் ஊரெங்கும் பிரபலமாகிவிட்டது. மூலச் சீட்டுகளில் இருந்த உண்மையான பயத்தில் ஒரு துளி, பொறிக்கே தெரியாமல், அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதோ என்னவோ. திரையில் பேரணி காட்டும்போது அதை வாசித்தார்கள். ஆறாம் வகுப்புப் பாடத்தில் சேர்த்தார்கள். பறப்புப் பள்ளி நிறைமதியைத் தேடி வந்து சேர்த்துக்கொண்டது. முதுகில் தாள் ஒட்டிய பெண்கள் அவளுக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். வீட்டுக் கதவும் கேள்வியை விட்டுவிட்டு, "வீரரின் மனைவியே, வருக" என்று திறந்தது.

வடிவு முதலில் கூசினாள். பிறகு அந்தக் கடிதம் சட்டமிட்டு வீட்டுக்கு வந்தது. துடைக்கிற சாக்கில் தினமும் ஒருமுறை படித்தாள். ஆறு வருடமும் சரி, அதற்கு முந்தைய எட்டு வருடமும் சரி, தவசிக்கனி அவளை ஒருநாளும் ஒளியே என்று கூப்பிட்டதில்லை. படிக்கும்போது நெஞ்சுக்கு இதமாகத்தான் இருந்தது. ஒருநாள் ஆலையில் வலை கழுவிக்கொண்டிருக்கையில், அவன் கஞ்சியைப் பற்றி எழுதியதை நினைத்துச் சிரிக்கலாம் என்று பார்த்தாள். வார்த்தைகள் வரவில்லை. மேகமும் சூரியனும் தாய்மடியும்தான் திரும்பத் திரும்ப வந்தன. அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. போர்க்கைதிகளை அனுப்பிவைக்க இரண்டு ஊர்களுமே தயங்கிக்கொண்டிருந்தன. வருகிறவன் அசலா நகலா என்ற பயம் இரண்டு பக்கத்துக்கும் பொது. கடைசியில் எழில்மேட்டிலிருந்து பத்தொன்பது பேரோடு ஒரு கலம் வந்தது. ஏழு நாளுக்குள் ஆவணக் கிளையில் தம்மை மெய்ப்பிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வடிவு ஆலையிலிருந்து திரும்பியபோது வாசலில் ஒருவன் கதவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஒரு காது பாதியில்லை. தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் துருத்தியது.

"தவசிக்கனி அவர்களே, மேகங்களுக்கு மேலே எழும்போது யாருடைய முகத்தைக் காண்பீர்கள்?" என்று கதவு கேட்டுக்கொண்டிருந்தது.

"மேகத்துக்கு மேல முகத்தையா பாக்க முடியும்? எரிபொருள் முள்ளைத்தான் பாக்கணும். தொறக்கப் போறியா இல்லியா?"

வடிவின் கையிலிருந்து பை விழுந்தது. அவன் திரும்பினான்.

"ஏட்டி, இந்தக் கதவுக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"

அவள் அவனைத் தாண்டிக் கதவின் முன்னால் போய் நின்றாள். கதவு அவளை வருக என்றது. இருவரும் உள்ளே போனார்கள். அவன் நேராக அடுக்களைக்குள் போய் மேலே அண்ணாந்து பார்த்தான்.

"எவன்டி குழாயை மாத்துனது? உங்கண்ணனா? நான் படிச்சுப் படிச்சு எழுதுனேன்லா?"

அப்போதுதான் வடிவு தரையில் உட்கார்ந்து அழுதாள். தொலைந்துபோனதாக நினைத்த வரிகள் ஒவ்வொன்றாக, அவனுடைய எழுத்துப் பிழைகளோடு, மனதில் எழும்பி வந்தன.

அவள் அழுது முடிக்குமுன் நிறைமதி பறப்புப் பள்ளியின் நீலச் சீருடையில் உள்ளே வந்தாள். இப்போது பதினான்கு வயது. தவசிக்கனி அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். "பனைமரம் மாதிரி வளந்துட்டியட்டி! சாப்பாடு மட்டும் ஏறுது, சதை ஒட்டலையே. ஒழுங்கா திங்கிறியா?" என்றான். குரல் உடைந்தது. அதை மறைக்க, "என்னத்தப் பாக்க? வா இங்க" என்று அதட்டினான்.

மதி சுவரோடு ஒட்டி நின்றாள். "அம்மா, இது நகல். எங்கப்பா இப்படிப் பேச மாட்டாவ."

தவசிக்கனியின் நீட்டிய கை அப்படியே நின்றது. மகளின் தலைக்கு மேலே சட்டமிட்ட கடிதத்தின் அடியில் தன் பெயர் இருப்பதைப் பார்த்தான். பக்கத்தில் போய், உதடுகள் அசைய, எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"இதை எவன் எழுதுனான்?"

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவன் இன்னொரு முறை படித்தான். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றான்.

ஆறாம் நாள் மெய்யறி பொறி அவனிடம் நூறு கேள்வி கேட்டது. எல்லாம் அந்த நாற்பது கடிதங்களிலிருந்து. "கார்முகிலைத் தாய் என்று அழைத்தவர் நீங்களா?"

"ஊரை எதுக்குத் தாயின்னு கூப்பிடணும்? எங்கம்மா பேரு சொர்ணத்தாயி."

மெய்த்தன்மை நூற்றுக்கு நான்கு.

கோமதிநாயகம் அறைக் கதவைச் சாத்தினார். இரண்டு வருடத்தில் அவர் தலை முழுக்க நரைத்திருந்தது.

"நான் உண்மையைச் சொல்லிருதேன் சார்" என்றாள் வடிவு. "கடிதம் பொய், மனுசன் மெய்யின்னு."

"சொல்லலாம்மா. அப்ப நானூத்திப் பதிமூணு பேரோட கடிதத்தையும் தோண்டுவாங்க. எத்தனை வீட்டுக்குப் போயி, 'இது உங்க பிள்ளை எழுதுனதில்ல'ன்னு நாம சொல்லுவோம்? அந்த வீட்டுக்காரங்களே உங்களை விடமாட்டாங்க. சுவரைத் திருத்துறதைவிட இவரை இல்லாம ஆக்குறது அவங்களுக்குச் சுலபம்."

"மனப்பாடம் பண்ணிட்டு வந்தா?"

"ஒரு தடவைதான் கேக்கும். பொருந்தலைன்னா நகல்னு சொல்லிக் கலத்துல ஏத்திருவாங்க." அந்தக் கலங்களை எழில்மேடு திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. நடுவழியில் என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதுமில்லை. "ஒரே ஒரு வழிதான் இருக்கு. போர்ல தன்பதிவு எரிஞ்சு போனவங்கன்னு ஒரு பட்டியல் என் கையில இருக்கு. தவசிக்கனியோட நகலைக் கலத்துல ஏத்தியாச்சுன்னு எழுதிட்டு, அந்தப் பட்டியல்ல வேற பேருல இவரைச் சேத்துருதேன். உங்க வீட்டுல ஒதுங்கியிருக்கிற ஆளுன்னு எழுதிக்கிடலாம்."

வடிவு கணவனைப் பார்த்தாள். அவன் கோபத்தில் மேசையைத் தட்டுவான் என்று எதிர்பார்த்தாள். தட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

அவன் அமைதியாகக் கேட்டான். "செத்துப்போனவன் மவளுக்குப் பறப்புப் பள்ளியில எடம் உண்டுமா?"

"உண்டும்."

"உசிரோட வந்தவன் மவளுக்கு?"

கோமதிநாயகம் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அவன் செத்தே இருக்கட்டும் சார்" என்றான் தவசிக்கனி.

பட்டியலில் அவன் பெயர் சங்கிலிமுத்து ஆனது. நீர்வடி ஆலையில் வடிவுக்கு எதிர் வரிசையில் வலை கழுவும் வேலை கிடைத்தது. வீட்டில் வாய்விட்டுத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டான். கதவுக்குக் காது உண்டு. மதி அவனை மாமா என்று கூப்பிட்டாள். நம்பித்தான் அப்படிக் கூப்பிட்டாளா, தெரிந்தே கூப்பிட்டாளா என்று வடிவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கேட்கத் துணிவும் இல்லை.

அந்த வருடம் வான்படை நாள் வெளிச்ச நாளில் வந்தது. நினைவுச் சுவரின் முன்னால் ஊரே கூடியிருந்தது. கடிதத்தை வாசிக்க வீரரின் மகளையே மேடைக்கு அழைத்தார்கள். நிறைமதி தாளைப் பார்க்காமல், ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். தாயின் மடி என்ற இடத்தில் அவள் குரல் தழுதழுத்தது. கூட்டம் விம்மியது. வடிவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அங்கே உட்காராமல் பின்னால், பதிவில்லாதவர்கள் நிற்கும் கயிற்றுக்கு அருகே, சங்கிலிமுத்துவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அவனுக்கு அந்தப் பக்கம் நின்ற முதியவர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வான்படையில இருந்தவரா தம்பி? காதுக்குப் பின்னால சில்லு வச்ச தழும்பைப் பாத்தா அப்படித் தெரியுதே. இவரைப் பாத்திருக்கியளா?"

"ஒண்ணு ரெண்டு தடவை பாத்திருக்கேன்யா. அவ்வளவா பழக்கமில்ல."

"எப்படிப்பட்ட மனுசன்! பொண்டாட்டி பிள்ளைகிட்ட இப்படிப் பேசுற ஒருத்தன் இப்ப எங்க இருக்கான்? எங்க வீட்டுலயும் ஒருத்தன் திரும்பி வந்திருக்கான், மூணாவது மகன். வாயைத் தொறந்தா எரிஞ்சு விழுதான். போட்டதைத் தின்னுட்டு மோட்டைப் பாத்துட்டே கெடக்கான். இந்தக் கடிதத்தை அவங்கிட்ட நாலு தடவை படிச்சுக் காட்டிட்டேன். ஒறைக்கல." முதியவர் மேடையை நோக்கிக் கைகளைக் குவித்தார். "இவரை மாதிரி ஒருத்தர் இனிமே வரமாட்டாரு தம்பி."

"வரமாட்டாருதான்" என்றான் தவசிக்கனி.

கூட்டம் கை தட்டியது. அவனும் தட்டினான். வடிவும் தட்டினாள். தட்டாதவர்களைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.